அண்ணன் வைத்த கோழிக்குழம்பும் அண்ணியின் இலையும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய நீங்கள் சாப்பிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் பந்திக்குப் போய் வாருங்கள், பிறகு படிக்கலாம். அண்ணன் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அண்ணன் பிறந்தது ஆட்டையாம்பட்டியில். நான் அவருக்கு ஒரே தங்கை. அப்பா சீக்கிரமே காலமாகிவிட, பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு டிரைவரானார், என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். வடநாட்டு லோடு என்றால் வாரக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். ரோட்டோரம் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, தானே பொங்கித் தானே சாப்பிடுவார். "தனியா உக்காந்து திங்கறது ஒரு சோறா சாமி?" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். பிரியமானவர்களை அவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

முதுகுவலி வந்து வண்டியை விட்ட பிறகுதான் வீட்டில் தங்கினார். அப்போதுதான் அண்ணி சாப்பிடுவதையே கவனித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோழி எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆண்களும் பிள்ளைகளும் முதலில், பரிமாறியவர்கள் கடைசியில். அண்ணி உட்காரும்போது சட்டியில் கழுத்தும் அடிக்குழம்பும்தான் மிஞ்சியிருக்கும். "எனக்குக் கழுத்துதானுங்க புடிக்கும்" என்பார் அண்ணி. பாவி மனுசன், அதைப் பல வருடம் நம்பியும் இருக்கிறார்!

"இவளை நம்மகூட உக்கார வெச்சுச் சூடாத் திங்க வெக்கோணும்" என்று, உண்மை புரிந்த பிறகு அண்ணனுக்கு ஒரே பிடிவாதம். ஆனால் உட்காரச் சொன்னால், "அடுப்புல இருக்குதுங்க" என்று அண்ணி எழுந்துவிடுவார். இதைக் கேட்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் அண்ணன் மகள் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கி வந்தாள். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடி, கரண்டில் மாட்டிவிட்டால் சாயங்காலம் தானாக வெந்திருக்கும், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம் என்றாள். அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு அவரே நாட்டுக்கோழி வாங்கி, சின்ன வெங்காயம் உரித்து, வரமிளகாயும் மல்லியும் தேங்காயும் அரைத்து ஊற்றி மூடினார். அதோடு விட்டாரா? வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்த கை அல்லவா! போகும்போதும் வரும்போதும் மூடியைத் திறந்து கறியைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். சூடெல்லாம் வெளியே போய், விளக்கு வைத்த பிறகும் கோழி கல்லாகக் கிடந்தது. பேரப்பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க, அடுப்புல வெச்சு விசில் உட்டுடறனுங்க."

"நீ உக்காரு சாமி. இன்னிக்கு நீ எந்திரிச்சீன்னா நான் தோத்துப்போனேன்."

நான் அப்பளம் பொரித்துப் பிள்ளைகளைச் சமாளித்தேன். மூடியைத் தொடாதபடி மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவழியாக வெந்ததும், அண்ணனே எல்லோருக்கும் ஒரே வரிசையில் இலை போட்டு, தொடைக்கறியை அண்ணி இலையில் முதலில் வைத்தார். அண்ணி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புப் பத்தலீங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதன்பின் ஞாயிறுதோறும் அதுவே வழக்கமானது. மூடியைத் திறக்கும் பழக்கத்தை மட்டும் அண்ணன் கடைசிவரை விடவில்லை, அதனால் சாப்பாடு என்றைக்கும் தாமதம்தான்.

நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவருக்கு அதே கவலை. "நானில்லாட்டி அவ பழையபடி கடைசியாத்தான் உக்காருவா. பாத்துக்க சாமி" என்று என்னிடம் சொன்னார்.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், லோடை இறக்கிய கையோடு வந்து சேர்ந்த டிரைவர் நண்பர்களுக்கும், துக்கத்தில் துணை நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி நன்றி அண்ணிக்கு. கருமாதிக்குப் பிறகு முதன்முதலாகக் கறி சமைத்த ஞாயிறு, அவரே அந்தக் குக்கரை எடுத்து வைத்தார். மூடியை யாரும் திறக்கவில்லை. கோழி நேரத்துக்கு வெந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் அழுதோம். அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். அண்ணி கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த இலைக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

"ஏனுங்க, உக்காந்துட்டனுங்க" என்றார்.