நஸ்ரீனுக்குப் போட்ட மாலை

அன்று அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதின்மூன்று பேர். கரீம், நான், பாலா அண்ணை, மேரி அக்கா, மண்டபத்தை இலவசமாகத் தந்த பாதிரியார், மவுண்ட் ரோஸ்கில் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து கமெராவோடு ஒரு பெண். மிச்சப்பேர் மேரி அக்கா பொரித்த ரோல்ஸுக்காக வந்தவர்கள் என்று இப்போது நினைக்கிறேன். வராதவர்களையும் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் வருவேன் என்று கைகொடுத்த எம்.பி. வரவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வரவில்லை. எங்கள் தமிழ் ஆட்களில் டொக்டர்மார், என்ஜினியர்மார் ஒருவரும் வரவில்லை. கரீமின் தங்கச்சி நஸ்ரீனும் வரவில்லை. அவளுடைய படம் மட்டும்தான் வந்தது.

போன கிழமை த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதி வாசலில் வாளி வாளியாகச் செவ்வந்தி வைத்திருந்தார்கள். அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்னப்பா, பூவைக் கண்டு இப்பிடி ஓடுறியள்?" என்று மனைவி கேட்டாள். தும்மல் வரும் என்று பொய் சொன்னேன். உங்களிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

எண்பத்தெட்டாம் ஆண்டு. எனக்கு இருபத்துநான்கு வயது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அதனாலேயோ என்னவோ, எழுதிய கடதாசிக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்று எனக்கு அப்படியொரு நம்பிக்கை. படித்த படிப்புக்கு ஓக்லாந்தில் கிடைத்த வேலை, ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி கட்டுவது. என் எதிர்ப்பக்கத்தில் நின்று பெட்டி கட்டியவன்தான் கரீம். ஈராக்கிலிருந்து வந்த குர்து. எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலமும் ஒரே அளவுக்கு ஓட்டை என்பதால் நன்றாகக் கதைத்துக்கொண்டோம். "உங்களுக்கும் நாடு இல்லை, எங்களுக்கும் இல்லை. பெட்டியாவது ஒழுங்காக் கட்டுவம்" என்பான்.

மார்ச்சில் ஒருநாள் கன்ரீன் தொலைக்காட்சியில் ஹலப்ஜாவைக் காட்டினார்கள். கரீமின் ஊர். சொந்த அரசாங்கத்தின் விமானங்கள் சொந்தக் குடிமக்கள்மேல் நஞ்சுப் புகையைப் போட்டிருந்தன. வாசற்படியில் பிள்ளையை அணைத்தபடி விழுந்துகிடந்த மனிதர்கள். ஒரு நிமிடம்கூடக் காட்டவில்லை. அடுத்தது கிரிக்கெட். யாரோ ஒருவன் எழும்பிப் போய்ச் சத்தத்தைக் கூட்டினான். கரீம் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வெளியே போனான். அந்தச் சத்தத்தைக் கூட்டிய கையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கூட்டியவன் நல்ல பெடியன்தான். அதுதான் இன்னும் கோபம்.

அன்றே அகராதியை விரித்துவைத்து வெளியுறவு அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'மனிதகுலத்தின் மனச்சாட்சி' என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தேன். பதில் மூன்றே வரி. நிலைமையைக் கவலையோடு அவதானித்துக்கொண்டிருக்கிறார்களாம். அந்த அரசாங்கத்துக்கு ஆயுதம் விற்ற நாடுகளும் கவலையோடு அவதானித்துக்கொண்டுதான் இருந்தன. அவதானிப்பதற்கு ஆட்கள் குறைவே இல்லை.

சரி, கூட்டம் வைப்போம் என்று தொடங்கினேன். எங்கள் பெரிய மனிதர் ஒருவர் டெலிபோனில், "தம்பி, ஊரில இந்தியன் ஆமி நிக்குது. நீ என்னடா எண்டால் குர்துக்காரனுக்கு அழுறாய். எங்கட பாடே பெரும்பாடு" என்றார். இதைப் பாலா அண்ணையிடம் சொன்னேன். அவர் பஸ் சாரதி. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் கடையை எரியக் கொடுத்துவிட்டு வந்தவர். "எங்களுக்கு எரியேக்க ஆர் வந்தவை? ஒருத்தரும் வரேல்லை. அந்த வலி தெரிஞ்ச நாங்களும் போகாட்டி வேற ஆரடா போறது? மண்டபத்தைப் பிடி, மாலை நான் கட்டுறன்" என்றார்.

கரீமிடம் ஒரு படம் கேட்டேன். மறுநாளே நஸ்ரீனின் படத்தைக் கொண்டுவந்தான். பதினான்கு வயது, தடித்த புருவம், சிரிப்பை அடக்குகிற வாய். யார், என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. பறிகொடுத்தவனிடம் விபரம் கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை. செத்தவீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்போம், அவ்வளவுதான். அப்படித்தான் அவன் கையைப் பிடித்தேன். பெரிய மரியாதை காட்டியதாக நினைப்பு.

பாலா அண்ணை தன் வீட்டு வளவுச் செவ்வந்தியைத் தூண்டில் நரம்பில் கோத்து, படத்துக்குப் போட்டார். மேரி அக்கா மெழுகுதிரி கொளுத்தினார். கரீம் மாலையைத் தொட்டுப் பார்த்து, "எங்கட ஊர்க் கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்று சிரித்தான். துக்கத்திலும் என்ன பெருந்தன்மை என்று எனக்குக் கண் கலங்கியது. மடையன் நான்.

பத்திரிகைப் பெண் பாலா அண்ணையிடம், இந்த மாலை எதற்கு என்று கேட்டாள். இறந்தவர்களுக்கு நாங்கள் இப்படித்தான் செய்வோம் என்று அவர் விளக்கினார். அவளும் கரீமிடம் கேட்கவில்லை. வியாழக்கிழமை எல்லா வீட்டுத் தபால்பெட்டியிலும் விழுந்த இலவசப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. கீழே: நஞ்சுப் புகையில் கொல்லப்பட்ட சிறுமிக்கு மவுண்ட் ரோஸ்கில்லில் அஞ்சலி.

நான் பெருமையில் மிதந்தேன். அன்றே பதினான்கு பிரதி எடுத்து, பதினான்கு உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தேன். நிவாரண அமைப்புகளுக்கு, ஜெர்மனியில் இருந்த குர்துச் சங்கத்துக்கு, விலாசம் கிடைத்த எல்லாருக்கும்.

வெள்ளிக்கிழமை கரீம் பத்திரிகையைக் கன்ரீன் மேசையில் விரித்தான்.

"ஆர் சொன்னது இவள் செத்திட்டாள் எண்டு?"

"நீதானே படம்..."

"தேடுறதுக்குத் தந்தனான்! புகைக்குள்ள இருந்து லொறியில ஏத்தி ஈரானுக்குக் கொண்டுபோனதைக் கண்டவை இருக்கினம். எந்த ஆஸ்பத்திரி எண்டு தெரியாது. அம்மா ஒவ்வொண்டா ஏறி இறங்கிறா. பேப்பரில முகம் வந்தால் ஆராவது அடையாளம் சொல்லுவினம் எண்டு தந்தனான்." படத்திலிருந்த மாலையில் விரலை வைத்து, "மாலை போட்டால் செத்ததெண்டு எனக்குத் தெரியாது. நீ ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?" என்றான்.

அன்றே பதினான்கு திருத்தக் கடிதங்களையும் அனுப்பினேன். பத்திரிகையும் அடுத்த கிழமை, புல்வெட்டும் இயந்திர விளம்பரத்துக்குப் பக்கத்தில், இரண்டு வரி போட்டது. ஆனால் திருத்தத்தை யார் எடுத்துச் செல்வார்கள்? படம் போனது. ஜெர்மனிச் சங்கம் அதைத் தன் துண்டுப்பிரசுரத்தில் போட்டது. ஒரு நல்ல மனிதர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, ஈரான் எல்லை அகதிக் கூடாரங்கள்வரை கொண்டுபோய் ஒரு தாயின் கையில் கொடுத்தார். எங்கோ தூரதேசத்தில் முன்பின் தெரியாத மனிதர்கள் உன் மகளுக்காக அழுதிருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னாராம்.

பிழை என்று கரீம் எழுதிய கடிதங்கள் கூடாரம் மாறிக்கொண்டிருந்த அவளிடம் போய்ச் சேரவில்லை. அந்தத் தாய் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? காணாமல் போன பிள்ளையைத் தேட ஒரு அரசாங்கம் இருக்க வேண்டும். நஸ்ரீனைத் தேட வேண்டிய அரசாங்கம்தான் அவள் தலையில் நஞ்சைக் கொட்டியது. அது பெயர்ப்பட்டியல் தராது, சடலத்துக்கும் கணக்குச் சொல்லாது. அப்படி ஒரு புகையே வரவில்லை என்று சத்தியமும் செய்தது. உலகம் வாயை மூடிக்கொண்டிருந்தது. அவ்வளவு மௌனத்துக்குள் நஸ்ரீனைப்பற்றி வந்த ஒரேயொரு செய்தி நாங்கள் அனுப்பியது. அதுவும் பிழை. அவர்கள் செய்தது கொலை, நாங்கள் செய்தது தவறு. இரண்டையும் ஒன்றாக்க நான் தயாரில்லை. ஆனால் எங்கள் தவறு போய் நின்ற இடம் அவர்கள் வெட்டிவைத்த குழி.

கரீம் என்னோடு கதைப்பதை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். இப்போது அவன் எங்கே என்று தெரியாது. தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். மண்டபத்தை இடித்து, ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் கட்டியிருக்கிறார்கள். பாலா அண்ணையும் காலமாகிவிட்டார். யாருக்காவது ஒன்று என்றால் மண்டபத்தைப் பிடி என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. எல்லாரும் வீட்டிலிருந்தபடியே கவலையோடு அவதானிக்கிறோம்.

நஸ்ரீன் உயிரோடுதான் இருந்தாள். அரைக்கண் பார்வையோடு, தாய் இன்னும் ஏறி இறங்காத ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், யாராவது வருவார்கள் என்று வாசலுக்கு நேரே கட்டிலை இழுத்துப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு. கடைசியில் அவளைக் கண்டுபிடித்தது ஊர்க்காரப் பெண் ஒருத்தி. செய்தி வந்த அன்று கரீம் ஒரு இறைச்சிப் பெட்டியின் மூடியில் மாதங்களை எழுதிக் கூட்டினான். தாய் தேடுவதை நிறுத்திய நாளிலிருந்து மகளின் கட்டிலருகே போய் நின்ற நாள்வரை, பத்தொன்பது மாதங்கள்.