இடது புருவம்

அடுப்புப் புகையும் கோதுமை மாப் பசையின் புளிப்பும் கலந்த வாடை இன்றும் எங்கிருந்தாவது வந்தால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், ஒற்றை அறைக் "காம்பரா"வின் சுவர் எனக்குள் எழுந்து நிற்கிறது. ஈரம் கசியும் அந்தச் சுவரில் காற்று புகாதிருக்க அக்கா ஒட்டிவைத்த சினிமாப் பத்திரிகைத் தாள்களில் பதினொரு நடிகைகள் இருந்தார்கள். அவர்களை எண்ணாமல் நான் தூங்கியதில்லை.

எல்லாருமே அழகுதான். ஆனால் ஏழாமவளின் அழகு வேறு: காதை நோக்கி நீளும் கண்மை, நெற்றியில் ஒரு சுருள் முடி, சிரிப்பதற்கு முன்பே ஏதோ முடிவுக்கு வந்துவிட்டதுபோல உயர்ந்த இடது புருவம். மங்கலான தாளில் அந்தக் கன்னம் மட்டும் எப்படி ஒளிர்ந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அக்கா கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் கண்ணாடித் துண்டின் முன் நின்று புருவத்தை உயர்த்துவாள். அச்சு அசலாக ஏழாமவளேதான். "இதக் கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளகிட்ட காட்டு, ஒரு றாத்தல் கூடப் போடுவாரு" என்று அம்மா கேலி செய்வாள்.

அந்த ஆண்டு, நாடற்றவர்களாக இருந்த எங்கள் நால்வருக்கும் இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி இந்தியா போகப் பெயர் பதிவாகியிருந்தது. ஒருவரும் பார்த்திராத ஊர். எந்த நாட்டுக்காரன் என்று தெரியாமலே சாகக் கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். "அங்க நம்மள யாருக்குப்பா தெரியும்?" என்று அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். அப்பா முறைத்தார். அவள் மறுபடி கேட்கவில்லை.

கடவுச்சீட்டுக்கு ஹட்டனில் படம் எடுத்தோம். அக்கா மையிட்டு, சுருளும் விட்டிருந்தாள். "தங்கச்சிக்கு ஒரு கை வேல பாத்துத் தாறேன்" என்ற ஸ்டூடியோக்காரர் பென்சிலால் படத்தில் மிச்சத்தையும் தீட்டிவிட்டார். கையில் வந்தது ஏழாமவள்.

"ஏண்டி, கவுருமெண்டுக்குக் குடுக்கிற படமா இது? தேட்டர் வாசல்ல ஒட்டுற படம்டி!" என்றாள் அம்மா.

வேறு எடுக்க நேரமில்லை.

கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு மழையில் நனைந்து போய், முடி ஒட்டிய முகத்தோடு மேசை முன் நின்றோம். அதிகாரி படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இது நீதானாம்மா? நிமிர்ந்து, படத்துல இருக்கிற மாதிரி கொஞ்சம் சிரி, பார்ப்போம்."

அப்பா, "சிரிம்மா... சிரிடி!" என்றார். ஒரு புருவம் உயர்ந்தால் போதும். தினமும் எங்களுக்குச் செய்து காட்டியதுதான். என் மனம் அதை இழுத்துத் தூக்கிக்கொண்டிருந்தது. அக்கா நிமிர்ந்தாள். முகம் கருங்கல்லாக இருந்தது.

அக்காவின் படம் மட்டும் ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. "புள்ளய விட்டுட்டு நாங்க மட்டும் போறதா?" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். வேறு படம் கொடுத்தும் அழைப்பு வரவில்லை. பிறகு போர் வந்து, இந்தியாவுக்குப் போகும் கப்பலே நின்றுபோனது. சாகும்வரை அப்பா திட்டியது ஸ்டூடியோக்காரரை மட்டுமே.

அந்த ஸ்டூடியோ இப்போது போன் கடை. எங்கள் லயமும் இல்லை. பதினொருவரில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ண எனக்குப் பயம். நேற்று டிவியில் பழைய படம் ஒன்றில் ஏழாமவள் வந்தாள். தலை நரைத்த அக்கா பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, அன்னைக்குக் கண்டியில..." என்று தொடங்கினேன்.

"சும்மா இருடா, பாட்டு போவுது" என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவளது இடது புருவம் மெல்ல உயர்ந்தது.