முதலில் கைகளைப் பார்

என் மகள் வங்கிகளுக்குக் காசு கொண்டுபோகும் கவச வண்டியில் வேலை செய்கிறாள். இடுப்பில் கைத்துப்பாக்கி கட்டுவது அந்த வேலையில் ஒரு பகுதி. இந்த நாட்டில் தற்காப்புக்கென்று யாரும் நினைத்தபடி துப்பாக்கியோடு திரிய முடியாது. அவளைப் போன்ற சிலருக்கு மட்டும், வேலை நேரத்தில் மட்டும், அனுமதி உண்டு. பொலிஸில் சேர்வதற்கு இது ஒரு படி என்று சொல்லி அவள் அதில் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் சமைத்த சோறு அப்படியே கிடந்தது.

"வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீ துவக்குத் தூக்கப் போறியோ?" என்று கேட்டாள் மனைவி.

"அதுக்குத்தான் அம்மா, இந்த முறை துவக்கு எங்கடை பக்கம் நிக்கட்டும்" என்றாள் அவள்.

பயிற்சிக் காலத்தில் ஸ்காபரோவில் உள்ள எங்கள் அப்பாட்மென்ட் கூடத்தில் தொலைக்காட்சி றிமோட்தான் துப்பாக்கி. அவள் அதை இடுப்பிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணுக்கு நேரே நீட்டுவாள். திரும்ப இடுப்பில் வைப்பாள். திரும்ப உருவுவாள். சோபாவில் இருக்கும் மனைவி, "சுட்டு முடிஞ்சால் சொல்லு பிள்ளை, நான் நாடகம் பாக்கவேணும்" என்பாள்.

அப்போதுதான் எனக்கும் மகளுக்கும் அந்த வாக்குவாதம் தொடங்கியது. நான் மார்க்கம் நகரத்தில் கட்டட வரைபடங்கள் வரையும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தூரங்களும் கோணங்களும் என் தொழில். ஆகவே எனக்கு அபிப்பிராயம் இருந்தது. கிட்ட நின்று சுடுவதற்கு இரண்டு வழி இருப்பதாக அவள் சொல்லியிருந்தாள். ஒன்று, துப்பாக்கியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, அதன் நுனியில் நிற்கும் சின்னக் குறியைப் பார்த்துச் சுடுவது. மற்றது, குறியைப் பார்க்காமல், விரலால் ஒருவரைச் சுட்டிக் காட்டுவதுபோல இடுப்புக்கு மேலிருந்தே சுடுவது. அதைப் பொயின்ற் ஷூட்டிங் என்பார்கள். அவளுடைய பயிற்சியாளர் முதலாவதைத்தான் வற்புறுத்தினார்.

"உந்தக் கூடத்தின்ரை நீளம்தானே தூரம். உதுக்கு என்னத்தைக் குறி பாக்கிறது? அவன் கத்தியோடை வந்தால் நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிப்பியோ?" என்றேன்.

"அப்பா, ஒருத்தரும் கண்ணை மூடுறேல்லை. அது படத்திலை."

"கெதியாச் சுடவேணும். அவ்வளவுதான்."

"கெதியாச் சுட்டுக் குறி தப்பினால் அந்த வெடி எங்கை போகும்? வங்கிக்குப் பின்னாலை புடவைக்கடை. பக்கத்திலை டான்ஸ் கிளாஸ். வெளியாலை போற ஒவ்வொரு வெடிக்கும் நான்தான் பொறுப்பு. பழக்கிற சேர் சொல்லுறவர், முதல் கைகளைப் பார், பிறகு குறியைப் பார், பிறகுதான் விரல் எண்டு."

"உன்ரை சேருக்குப் பிள்ளை இருக்கோ எண்டு கேட்டுப் பார்."

அவள் றிமோட்டைத் தாயிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் சொன்னதில் கணக்கு ஒன்றும் இல்லை. என் பிள்ளை முந்த வேண்டும், எதிரே வருபவன் யாராக இருந்தாலும் சரி. அதுதான் என் அபிப்பிராயம் முழுவதும்.

வேலை தொடங்கிய பிறகு அவள் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள். வேலை நேரத்தில் எங்கே கண்டாலும் அவளைத் தெரியாதவர்கள்போல நடக்க வேண்டும். கை காட்டக்கூடாது, கிட்ட வரக்கூடாது. நாங்கள் தலையாட்டினோம்.

இந்தப் பனிமாரியில் ஒரு சனிக்கிழமை. குளிர் மூக்கை அறுத்தது. வழமையாகப் போகும் பிளாசாவில் உள்ள தமிழ் பேக்கரியிலிருந்து நான் வெளியே வந்தபோது, எதிரே வங்கி வாசலில் அந்தக் கவச வண்டி நின்றது. அதன் பக்கத்தில் என் மகள். கூட வேலை செய்பவர் உள்ளே போயிருந்தார். அவள் வாசலைப் பார்த்துக் காவல் நின்றாள். காலையில் அவள் ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் ஓடியது எனக்கு நினைவு வந்தது. என் கையில் சுடச்சுட மட்டன் றோல்ஸ் பை. நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவால் குறுக்கே நடந்தேன். பையைக் கொடுத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். தலையில் ஜக்கெட் தொப்பி, முகத்தில் கண்வரைக்கும் கம்பளிச் சால்வை. அவளுடைய முதுகுப் பக்கமாக வருகிறேன் என்பது எனக்குத் தோன்றவில்லை.

சப்பாத்துக்குக் கீழே உப்பும் பனியும் நெரிந்த சத்தத்தில் அவள் திரும்பினாள். "ஸ்ரொப்! ஸ்டே பாக்!" என்று கத்தினாள். வீட்டில் ஒருநாளும் கேட்டிராத குரல்.

அந்தக் குரலுக்கு என் உடம்பு ஒரு பதில் வைத்திருந்தது. சீருடை போட்ட ஒருவர் துப்பாக்கியோடு நின்று கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் இளவயதில் ஊரில் ஒவ்வொரு செக்பொயின்ரிலும் பழகியிருந்தேன். கேட்கும்முன்பே அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். தாமதம்தான் ஆபத்து. நான் றோல்ஸ் பையைக் கீழே போட்டுவிட்டு ஜக்கெட்டின் உள்பைக்குள் வலது கையை விட்டேன்.

இந்த நாட்டில் அதைவிட மோசமான ஒன்றை நான் செய்திருக்க முடியாது.

துப்பாக்கி உறையை விட்டு வெளியே வந்தது. கூடத்தில் நூறு தரம் பார்த்த அதே அசைவு, ஆனால் கையில் றிமோட் இல்லை. அது மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய கண் என் முகத்தில் இல்லை, என் கையில் இருந்தது. என் கை வெளியே வந்தது. அதில் என் சாரதி அனுமதிப்பத்திர அட்டை. அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் தலையைக் குனிந்தேன்.

துப்பாக்கி அவளுடைய நெஞ்சளவில் நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"அப்பா?"

சால்வையை இழுத்து முகத்தைக் காட்டினேன். அவள் அழவில்லை. "தள்ளிப் போங்கோ. கார் பக்கம் போங்கோ. கையை வெளியிலை வைச்சுக்கொண்டு போங்கோ" என்றாள். நான் போனேன். காருக்குள் ஏறி, இரண்டு கையையும் ஸ்ரியறிங்கில் வைத்தபடி, வண்டி புறப்பட்டுப் போகும்வரை இருந்தேன்.

துப்பாக்கியை உருவினால் அதை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாள். விசாரித்தார்கள், கமெராப் பதிவைப் பார்த்தார்கள், அவள் செய்தது சரி என்றார்கள். ஆனால் திரும்ப ஒரு தடவை சுட்டுக் காட்டிச் சித்தியடைந்த பிறகுதான் துப்பாக்கியைத் தருவோம் என்றார்கள். வீட்டில் அவள் என்னோடு பேசவில்லை. றிமோட்டைத் தொடவுமில்லை. மனைவிதான் எங்கள் இருவருக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தாள்.

"றோல்ஸ் குடுக்கப் போய்ச் சாகப் பாத்த மனிசன் உலகத்திலை நீங்கள் ஒருத்தர்தான். அதையும் நிலத்திலை போட்டிட்டு வந்து நிக்கிறியள்."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையானது. தாய் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் கேட்க நினைத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பிள்ளை, நான் சொன்ன மாதிரிச் சுடப் பழகியிருந்தால்?"

அவள் முகத்தைத் துடைத்தாள். "உறையை விட்டு வெளியிலை வந்த உடனை சுட்டிருப்பன். குறி பாக்கிறதெண்டால் கண்ணுக்குக் கொண்டு வரவேணும். கொண்டு வாற வழியிலை அட்டை வெளியிலை வந்திட்டுது."

"அட்டையிலை பேரை வாசிச்சனியோ?"

"பேரோ? விசர்க்கதை. லைப்ரரியிலையும் டொக்டரிட்டையும் ஒருத்தரும் கேக்கமுதல் ரெண்டு கையாலை ஐடி நீட்டுற ஆள் எனக்குத் தெரிஞ்சு நீங்கள் மட்டும்தான். எத்தினை தரம் வெக்கப்பட்டிருப்பன். முகம் தெரியேல்லை. அந்தப் பிடி தெரிஞ்சுது." பிறகு, "உங்கடை கதையும் முழுப் பிழை இல்லை. கை எட்டுற தூரத்திலை கத்தியோடை ஒருத்தன் நிண்டால் குறி பாக்க நேரமில்லை. அதையும் சேர் பழக்கினவர்தான். ஆனா நீங்கள் அந்தத் தூரத்திலை நிக்கேல்லை" என்றாள்.

அந்தப் பயிற்சியாளரை நான் கண்டதில்லை. அவருக்குப் பிள்ளைகள் உண்டோ என்று ஏளனமாகக் கேட்டவன் நான். இப்போது காலையில் சாமிப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது, முகம் தெரியாத அந்த மனிதரையும் நினைத்துக்கொள்கிறேன்.

போன கிழமை அவளுக்கு அந்தச் சோதனை. தான் காரை ஓட்டப் போவதில்லை, நான்தான் பயிற்சி நிலையத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று கேட்டாள். நகரத்துக்கு வடக்கே, களஞ்சியக் கட்டடங்களுக்கு நடுவில் ஜன்னலில்லாத ஒரு கட்டடம். நான் வெளியே காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தேன். சுவரைத் தாண்டி மந்தமாகச் சத்தம் கேட்டது. முதலில் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. கை வரவில்லையோ, வேலையை விட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். விடட்டும் என்றும் நினைத்தேன். பிறகு ஒன்று. ஒரு மூச்சு எடுக்கிற நேரம். பிறகு இன்னொன்று. உள்ளே வேறு யாரும் சுட்டிருக்கலாம். ஆனால் அவள்தான் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் இருந்த அந்த இடைவெளியையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிளாசாவில் எனக்குக் கிடைத்ததும் அவ்வளவு நேரம்தான்.

கதவு திறந்தது. அவள் பனியில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள். நான் யோசிக்கவில்லை, இரண்டு கையும் தானாகவே ஸ்ரியறிங்கின் மேல் போய் நின்றன. அவள் கண்ணாடிக்கு வெளியே குனிந்து அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு கதவைத் திறந்து ஏறினாள்.

"பாஸ். கையை எடுங்கோ அப்பா. எங்கை என்ரை றோல்ஸ்?"

பின் இருக்கையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. கையை ஸ்ரியறிங்கிலேயே வைத்துக்கொண்டு அவளையே எடுக்கச் சொன்னேன்.