மூன்றாம் பிரிவில் ஒரு பெரணி

“மார்கழி 12, சனி. காலை 6.10. கூக்கால் ஏரிக்கரை. பூண்டுத் தாள்மேல் உறைபனி. பேனா எழுதவில்லை, பென்சில். மூன்று பேர். இருட்டுமுன் அட்டுவம்பட்டி சேர வேண்டும்.”

என் நடைக்குறிப்பேட்டில் அன்றைய முதல் பதிவு இது. முந்தைய நாள் கடைசிப் பஸ்ஸில் போய், தெரிந்த விவசாயி ஒருவரின் பூண்டுக் கொட்டகையில் படுத்து எழுந்திருந்தோம். மூன்று பேரில் ஒருவர் டாக்ஸி ஓட்டுநர். எங்களைவிட இருபது வயது இளையவர், கால் வெரசாக நடப்பவர், எனவே எப்போதும் முன்னால். நடுவில் நான். கடைசியில் என் நண்பன். செண்பகனூர்க்காரன், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தில் யார் குனிந்து நின்றாலும் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் அவனால் போக முடியாது. அதனால்தான் கடைசி.

குளிரில் ஒருவருக்காக ஒருவர் நின்றால் உடம்பு விறைத்துவிடும். ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம். பாதை பிரியும் இடத்தில் நடுவில் வருபவர் பாதையோரம் மண்டிக் கிடக்கும் பெரணிச் செடியில் ஓர் இலையைப் பறித்து, போகும் திசைக்கு நுனி இருக்கும்படி வைத்து, காம்பின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பார். மாடோ குதிரையோ பெரணியில் வாய் வைக்காது. கடைசியில் வருபவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார், பின்னால் வரும் வேறு யாரையும் அது குழப்பக் கூடாது என்று. நடை முடிந்ததும் டீக்கடையில் பையைக் கொட்டி எண்ணுவோம். நான் ஒவ்வொரு பிரிவிலும் நேரத்தை எழுதி, பெரணி வைத்ததும் பக்கத்தில் ‘பெ’ என்று குறிப்பேன்.

இந்த முறை எண்ணிக்கைக்கு ஒரு கனம் இருந்தது. சில மாதங்களாக நண்பன் அடுப்பை அணைக்க மறந்தான். பழகிய தெருவிலேயே ஒருநாள் தவறான பக்கம் திரும்பிப் போய்விட்டான். அவன் மகள் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்: இந்த நடையில் அப்பா வழி தப்பாமல் வந்தால் இனி தடுக்க மாட்டேன், தப்பினால் இதுதான் கடைசி. அவனுக்கும் அது தெரியும். கிளம்பும்போது, “பரிச்சைக்குப் போறேன்லே,” என்று சிரித்தான்.

முதல் இரண்டு பிரிவுகள் தோட்டங்களுக்கு நடுவே. வெயில் ஏறி, உறைபனி உருகி, மண்ணிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பின்னால் அவன் குரல் கேட்டபடியே இருந்தது. யாரிடமோ உருளைக்கிழங்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பிரிவு தைலமரக் காட்டோரம். அங்கே மேகம் இறங்கிவிட்டது. எதிரில் பூண்டுமூட்டை சுமந்த குதிரைகள் வரிசையாக வந்தன. ஒதுங்கி நின்றேன். அவை கடந்து போனதும் முன்னால் போனவரின் விசில் கேட்டது. நடந்தேன்.

ஓட்டுநரும் நானும் பூம்பாறை வந்து ஒரு மணி நேரம் கழிந்தும் அவன் வரவில்லை. போனுக்கு சிக்னல் இல்லை. ஓட்டுநர் திரும்பி ஓடினார். நான் டீக்கடை வாசலில் நின்று, மேகத்துக்குள்ளிருந்து வெளிப்படும் ஒவ்வொரு உருவத்தையும் அவனாக நினைத்து ஏமாந்தேன். கடைசியில் ஒரு கேரட் வண்டியின் முன்சீட்டில் வந்து இறங்கினான். மூன்றாவது பிரிவில் இடதுபக்கம் இறங்கி, ஓடையோரம் கேரட் கழுவுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறான். அவர்களே டீ கொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த கேரட் கையில் இருந்தது.

பையைக் கொட்டினான். இரண்டு பெரணிகள்.

“அங்கன ஒண்ணும் இல்லலே,” என்றான். “நல்லா பாத்தேன்.” சொல்லிவிட்டு, கேரட்டை மேஜைமேல் வைத்து, “பாத்தேன்னுதான் நெனைக்கேன்,” என்றான்.

குறிப்பேட்டைத் திறந்தேன். முதல் பிரிவுக்கு ‘பெ’ இருந்தது. மூன்றாவதற்கு, “11.40. தைலமரம். மேகம். குதிரைகள் ஒன்பது.” அவ்வளவுதான். குதிரைகளை எண்ணியிருக்கிறேன். ‘பெ’ இல்லை. ஆனால் இரண்டாவது பிரிவுக்கும் ‘பெ’ இல்லை, அந்தப் பெரணியோ மேஜைமேல் கிடக்கிறது. எழுதாததால் வைக்கவில்லை என்று ஆகாது.

ஓட்டுநர் திரும்பி வந்ததும் மீதி வழி முழுக்க மூவரும் சேர்ந்தே நடந்தோம். நண்பன் எந்தத் தோட்டத்திலும் நிற்காமல் வந்தான். அவன் சற்றுப் பின்தங்கியபோது ஓட்டுநர் என் காதருகே வந்து, “அண்ணே, நான் வைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சோலி முடிஞ்சுது,” என்றார். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். பழி என்மேல் வந்தால் அவன் நடக்கலாம். ஆனால் அவனுக்கு உண்மையிலேயே மறதி தொடங்கியிருந்தால், மகள் பார்க்க வேண்டியதை நான் மறைத்தவனாவேன். இத்தனை வருடமாக மழையையும் மணியையும் சரியாக எழுதி வந்தவன், தேவைப்பட்ட ஒரே எழுத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அட்டுவம்பட்டியில் அவள் காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னோம்.

“உங்க நோட்ட பாத்துச் சொல்லுங்க மாமா. வச்சீங்களா, இல்லையா?”

“தெரியலம்மா. கையில பெரணி இருந்தது ஞாபகம் இருக்கு. குனிஞ்சது ஞாபகம் இல்ல.”

அவள் என்னையே பார்த்தாள். “அப்ப உங்க வீட்டுலயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கணுமா?”

நண்பன் மூன்று மணி நேரத்தில் முதல் முறையாகச் சிரித்தான். “ஏலே, என்னையவிட உன் கேசு மோசமா கெடக்கு.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். அவன் தலையாட்டினான். அடுத்த நடையில் அப்பா நடுவில் நடக்க வேண்டும், நான் கடைசியில் வர வேண்டும் என்றாள். பெரணி வைப்பது அவன், எடுப்பது நான்.

திங்கட்கிழமை பஸ் பிடித்து அந்தப் பிரிவுக்குப் போய்ப் பார்த்தேன். குளம்படிகள், சேறு, மிதிபட்ட பெரணிச் சருகு. கரையெல்லாம் பெரணிதான். கல் ஒன்று புரண்டு கிடந்தது. அந்த இடத்தில் எல்லாக் கற்களும் அப்படித்தான் கிடக்கின்றன. குதிரைக்காரரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். குதிரை காலை எங்கே வைக்கிறது என்று யார் பார்ப்பார்கள் என்றார்.

தை மாத நடையில் நான்கு பிரிவுகள். நான்கிலும் நண்பன் பெரணி வைத்திருந்தான், கல்லோடு. நான்கையும் எடுத்து வந்தேன். அது தை நடைக்கு மட்டுமே சாட்சி. மார்கழி 12-ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “மூன்றாம் பிரிவில் பெரணி வைக்கப்பட்டதா என்பது உறுதியாகவில்லை.”