ஹத்தா ரேலியில் என் மேலாளர் வாங்கிய கோப்பை

வெள்ளிக்கிழமை விடுமுறையைத் தூங்கியே கழிக்க நினைத்திருந்தேன். என் ஜெர்மன் மேலாளர் விடவில்லை. துபாயில் இருக்கும் ஐரோப்பியர்கள் ஹத்தா வரை நடத்தும் கார் ரேலியில் அவருக்கு வழி சொல்ல ஆள் வேண்டுமாம்.

வரைபடத்தைப் பார்த்து, "நேராகப் போங்கள் சார்" என்றேன்.

"எனக்குப் பாலைவனம் தெரியும்" என்று வலப்பக்கம் திருப்பினார். சாலையை விட்டு இறங்கிய உடனேயே கார் வயிறு வரை மணலில் புதைந்தது.

நல்லவேளையாக, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் பஸ் ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமையும் கட்டட சைட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஆறு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். எல்லாரும் புதுக்கோட்டைப் பக்கம்.

"என்ன போட்டிண்ணே இது?"

"யாரு முதல்ல போறாங்கன்னு."

"அப்ப இவரு ஏண்ணே இங்க நிக்கிறாரு?"

அரைமணி நேரம் தள்ளிக் காரை மேலேற்றினார்கள். அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "லேட்டுன்னு ஃபோர்மேன் கத்துவாருண்ணே. உங்க சார போன்ல ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்களேன்."

சாரிடம் சொன்னேன். "யல்லா, கிளம்பலாம், நமக்கு நேரமில்லை" என்று வண்டியை எடுத்துவிட்டார்.

ஹத்தாவுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். விடாமுயற்சிக்கான கோப்பையை அவருக்கே கொடுத்தார்கள். "மணலில் சிக்கிய காரைத் தனி ஆளாக மீட்டேன்" என்று மைக்கில் சொன்னார். நான் பலமாகக் கைதட்டினேன்.

அங்கேயே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கப்போகிறவர்கள், தங்கள் மேலாளர் முன்னால் ஒருமுறையாவது வாய் திறந்த கதையைக் கீழே எழுதிவிட்டுக் கேட்கவும்.