வயிறா, வாயா?

ஒரு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க மண்டியிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால்கள் என் பாரத்தைத் தூக்க மறுத்துவிட்டன. இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கினார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். வெளியே வந்ததும் என் அண்ணி, கணவரின் அக்கா, சொன்னார்: "இனிமே பின்னால பெஞ்சில உட்காந்துக்க. சாமி அங்கயும் இருக்காரு."

அன்று வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, நானும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு, அடுப்படியில் நின்றபடியே மீந்த தேங்காய்ச் சோற்றைச் சட்டியோடு வழித்துத் தின்றுகொண்டிருந்தேன். பாதியில் கை நின்றது. இது பசியல்ல, கோபம் என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணியின் பேச்சு ஒவ்வொன்றையும் இத்தனை வருடமும் சோற்றோடு பிசைந்து விழுங்கி வந்திருக்கிறேன்.

சட்டியை மூடினேன். அன்று முதல் எனக்கு நானே ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன்: கேட்பது வயிறா, வாயா?

மாலையில் மலாய்க்கார அம்மா பலகாரக் கூடையோடு வாசலில் குரல் கொடுப்பார். "கூவே, கூவே!" கால் தானாக எழும். வயிறு கேட்டால் வாங்கி, தட்டில் வைத்து, உட்கார்ந்து தின்பேன். வாய் மட்டும் கேட்டால், இன்றைக்கு யாரிடம் எதைச் சொல்லாமல் விழுங்கினேன் என்று யோசிப்பேன். பல நாள் அந்த யோசனையிலேயே கூடை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

விடிந்ததும் கடற்கரைத் திடலைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்தேன். ஊர் பார்த்தது. அண்ணி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆபீஸ் கிராணி பொண்டாட்டி ரோட்ல தனியா நடக்குறான்னு பேசுறாங்க. உடம்பு வேற இளைச்சா, தம்பி உனக்குச் சோறு போடலன்னு சொல்வாங்கல்ல!"

"சொல்லட்டும் அண்ணி. முழங்காலு என்னோடது."

அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான். அன்று மாலை கூடைக்காரம்மா வந்தபோது என் வாய் எதையும் கேட்கவில்லை.

எல்லா நாளும் அப்படி வாய்க்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அச்சுமுறுக்கு டின்னில் பாதியைக் காலி செய்தேன். பழைய நானாக இருந்தால், 'கெட்டது கெட்டாச்சு' என்று பொங்கல்வரை தின்றிருப்பேன். மறுநாள் தூறலில் குடையோடு கிளம்பினேன். வயிறு கனத்தது, என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. ஆனாலும் நடந்தேன். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்ள நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே.

அடுத்த வருடம் புக்கிட் மெர்தாஜாம் ஊரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். வேண்டிய அளவு சாப்பிட்டு முடித்ததும், மாப்பிள்ளையின் மாமா சோற்றுக் குண்டானோடு என் முன்னால் நின்றார்.

"போதும் அண்ணே."

"அதெப்படி! உங்க உடம்புக்கு இது காணுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் இலைமேல் கையை விரித்து வைத்தேன். விளையாட்டு என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கரண்டிச் சோற்றை என் கைமேலேயே போட்டார். பின்னால் வந்தவர் குழம்பையும் ஊற்றினார். சூடு சுரீரென்றது. கையை எடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன்.

"அண்ணே, போதும்னு தமிழ்லதான் சொன்னேன்."

சிரிப்பு அடங்கியது. எதிர் வரிசையில் இருந்த என் கணவர், எந்தச் சச்சரவிலும் வாய் திறக்காத மனிதர், இலையிலிருந்து நிமிர்ந்தார். "அவ போதும்னா போதும். நகருங்க" என்றார். மாமா நகர்ந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த, எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண், மெதுவாகத் தன் இலையையும் கையால் மூடிக்கொண்டாள்.

நான் ஒல்லியாகிவிடவில்லை. இடுப்பு இறங்கியது, ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தேன், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. இன்னும் அகலமான பெண்தான். அதைக் குறைத்துச் சொல்லும் எண்ணமும் எனக்கில்லை. "எதுக்கு இப்படிப் பட்டினி கிடக்குற?" என்று யாராவது பரிதாபப்பட்டால் சொல்வேன்: "பட்டினியா? இப்பத்தான் எனக்குச் சோத்து ருசியே தெரியுது."