இங்கிலீஷுக்குக் கொடுத்த கடைவாய்ப்பல்

வாசகசாலை நடத்துகிறவர்களுக்கு இங்கிலீஷ் பேசத் தெரிந்திருக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றிப் போன மாதம் மதுரையில் ஒரு விழாவில் முக்கால் மணி நேரம் தமிழில் முழங்கினேன். முடிந்ததும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னிடம் வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். "எஸ்" என்றேன். இன்னொன்று கேட்டாள். அதற்கும் "எஸ்" என்றேன். அலமாரி அலமாரியாக இங்கிலீஷ் புத்தகம் வாசித்தவன்தான் நான். வாசித்ததெல்லாம் கண்ணோடு நின்றுவிட்டது. வாய் வரைக்கும் இறங்கவில்லை. அம்மாள் முதலில் கேட்டது கூட்டம் முடிந்துவிட்டதா என்று. அடுத்துக் கேட்டது, வண்டி கூட்டி வருகிற ஆள் நான்தானா என்று. காரியதரிசி இதை விளக்கிச் சொன்ன பிறகு, வாக்குக் கொடுத்தாகிவிட்டதே என்று போய் வண்டியையும் கூட்டி வந்தேன்.

இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. என் தாய்மாமா ஒரு பல்லையே கொடுத்திருக்கிறார்.

மலைமேல் பெரியாற்றுக்கு அணை கட்டிக்கொண்டிருந்த காலம். கம்பத்துச் சாலையில் வெள்ளைக்காரர்கள் குதிரையிலும் வண்டியிலும் குமுளிக்குப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். சாலையோரத்துச் சாவடி ஒன்றில் அப்போது வாசகசாலை இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட ஒரே அலமாரி. அதன் சாவி மாமாவின் அரைஞாணில் தொங்கும். அவர் கதவைத் திறந்தால் உள்ளிருந்து கற்பூரமும் பழந்தோலும் கலந்த ஒரு வாசனை வரும். ஏழு வயதான எனக்குக் கோயில் நடை திறந்தது போல இருக்கும். அத்தனை இங்கிலீஷ் புத்தகங்களையும் மாமா வாசித்திருந்தார். ஆனால் யாரிடமும் பேசியதில்லை. அவருக்கு எழுத்துக் கற்பித்த மிஷன் சாமியார் பிரெஞ்சுக்காரர். அவருக்கும் இங்கிலீஷ் ஏட்டுச் சுரைக்காய்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்தச் சாவடியின் மேல் ஒரு பஞ்சு வியாபாரிக்குக் கண். "மலைக்குப் போற துரைமாரு வந்து புத்தகம் கேட்டா, வாயைத் திறந்து பதில் சொல்ல ஆளில்ல. எதுக்கு அந்த அலமாரி? அங்கன நம்ம மூட்டையாவது கிடக்கும்" என்று மேலே எழுதிப் போட்டுவிட்டார். பெரியகுளத்திலிருந்து ஒரு துரை நேரில் வந்து பார்ப்பார், வாசகசாலைக்காரர் தன்னோடு இங்கிலீஷில் பேசினால் வாசகசாலை, இல்லாவிட்டால் பஞ்சு என்று தாக்கீது வந்தது.

மாமா ஒத்திகையில் இறங்கினார். துரை நான். கவிழ்த்துப் போட்ட உரல்தான் குதிரை. சோறு வடிக்கிற கூடை தொப்பி. மாமா முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். இன்ன தட்டில் பிரயாண நூல்கள், இன்ன தட்டில் தாவர சாஸ்திரம் என்று இங்கிலீஷில் கணீரென்று அடுக்குவார். அந்தக் குரலுக்குக் கன்றுக்குட்டி முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். ஒவ்வொன்றுக்கும் நான் "வெரி வெல்" சொல்ல வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவே.

"ஏலே, உரலு மேல உக்காராத, வீட்டுக்கு ஆகாது" என்று அத்தை அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"வெரி வெல்" என்பேன், இறங்காமல்.

துரை வந்தார். அந்த மாதிரி உயரத்தை நான் பனைமரத்தில்தான் பார்த்திருந்தேன். குதிரையும் அவருமாகச் சேர்ந்து சாவடி வாசலில் வெயிலையே மறைத்தார்கள். கூட வந்த குமாஸ்தாவை ஒரு விரலால் ஓரங்கட்டிவிட்டு, மாமாவைப் பார்த்து ஏதோ கேட்டார். ஊரே வாசலில் கூடிவிட்டது.

மாமா செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. முதுகு வளைந்தது. வலது கை தானாக எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. பெரியவர்கள் முன்னால் மூச்சுப் படாமல் பேச வேண்டும் என்று அவருடைய அப்பா பழக்கி வைத்த கை அது. கைக்குப் பின்னாலிருந்து இங்கிலீஷ் வரத்தான் செய்தது. ஆனால் பானைக்குள் விழுந்த வண்டு போல. துரை குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடி கேட்டார். அவர் குனியக் குனிய மாமா இன்னும் வளைந்தார். கை இன்னும் இறுகியது. இவ்வளவு பெரிய மனிதர்கள் பேசும் இங்கிலீஷ் மற்றவர்கள் காதில் விழாது போலும் என்று எனக்குப் புல்லரித்தது.

துரை சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தன் கன்னத்தை அழுத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்து ஏதோ கேட்டார். பெரியவர்கள் கேட்டதற்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் மாமாவிடம் கிடையாது. தலையை ஆட்டினார். துரையின் முகம் அப்படியே உருகிவிட்டது. அவரும் பல்வலி பட்டவர்.

குமாஸ்தா தமிழில் அறிவித்தார்: "ஐயாவுக்குக் கடுமையான பல்வலின்னு துரை கண்டுபிடிச்சுட்டாக. நாளைக்கு முகாம் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரை அனுப்பிப் பல்லை எடுக்கச் சொல்றாக. மலையிலேருந்து இறங்கி வரும்போது திரும்பப் பேசிப் பார்ப்பாகளாம். அதுவரைக்கும் சாவடியில பஞ்சு வேண்டாம்."

மறுநாள் குறடும் கையுமாக டிரெஸ்ஸர் வந்தார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் கருங்கல்லு மாதிரி இருக்கே! எந்தப் பல்லுங்க?"

மாமா அத்தையைப் பார்த்தார்.

"வலது பக்கம் காட்டுங்க. அங்கனதான் கை வச்சிருந்தீக" என்றாள் அத்தை.

"வலியில்லேன்னா நான் போயிருவேன். ஆனா துரை பல்லைக் கொண்டாந்து காட்டச் சொன்னாரு. இல்லேன்னா வலியே பொய்யின்னு எழுதிருவாரு" என்றார் டிரெஸ்ஸர்.

பஞ்சு வியாபாரி தெருவில் சும்மா நடப்பவர் போல நடந்துகொண்டிருந்தார். மாமா வாசகசாலை இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பல் வேரோடு, முத்துப் போல வந்தது. டிரெஸ்ஸரே, "ச்சே, நல்ல பல்லுங்க" என்று வருத்தப்பட்டார்.

துரை மலையிலிருந்து இறங்கினார். மாமா மறுபடி செருப்பைக் கழற்றினார், துண்டு இறங்கியது, கை எழுந்தது. ஆனால் துரைக்கு அன்று புத்தகத்தைவிடப் பல்லின் மேல் அக்கறை. கையை எடுக்கச் சொல்லி விரலை ஆட்டி, தன் வாயைத் திறந்து காட்டினார். பெரியவர்கள் சொன்னால் செய்ய வேண்டும். மாமா கையை எடுத்துவிட்டு, துரைக்குப் பொந்து நன்றாகத் தெரியும்படி வாயை அகலத் திறந்தார். திறந்த வாய் வழியாக இங்கிலீஷ் புறப்பட்டது.

முற்றத்தில் கேட்ட அதே குரல். பிரயாண நூல்கள், தாவர சாஸ்திரம், நான்காம் தட்டு, ஐந்தாம் தட்டு. அங்கங்கே பொந்து வழியாகக் காற்றும் சீறியது. குதிரை காதை விறைத்தது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். மாமா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், பழக்க தோஷத்தால் நான் "வெரி வெல்" என்று உரக்கச் சொன்னேன். துரை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவரும் "வெரி வெல்" என்றார். வாசகசாலை பிழைத்தது. பஞ்சு வியாபாரி கூட்டத்தில் எங்கே நின்றார் என்று யாரும் தேடவில்லை.

இங்கிலீஷ் வரவேண்டுமானால் அது வெளியே வர ஒரு வாசல் வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தெளிவாகிவிட்டது. எனக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அதைத் திருகி எடுத்துவிட்டு, நாள் முழுவதும் வாயைத் திறந்தபடி காத்திருந்தேன். ஈ வந்தது. மாமாவின் இங்கிலீஷ் அன்று வெளியே வந்தது பல் போனதால் அல்ல, கை இறங்கியதால் என்பதும், ஒரு கை வாயிலிருந்து இறங்க எத்தனை தலைமுறை பிடிக்கும் என்பதும் புரிகிற வயசு அப்போது எனக்கில்லை. மதுரையில் வண்டி கூட்டி வந்த அன்றுதான் லேசாகப் புரிந்தது.

அத்தைக்கு மட்டும் கடைசிவரை அந்தக் கதையில் பிரமிப்பே வரவில்லை. யாராவது மாமாவைப் புகழ்ந்தால், முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்:

"கைக்கு ஒண்ணா ரெண்டு புத்தகத்தைப் பிடிச்சிருந்தா, வாய்க்குப் போகாம கை தன்னால கீழ கிடந்திருக்கும். அத்தனை புத்தகம் படிச்ச மனுசனுக்கு இது தோணல. நல்ல பல்லு போச்சு."